சிமெண்ட் கலவை ஏன் கட்டி தட்டுகிறது? எதனால் உடையும்?

கேள்வி இதுதான்: ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 450 கிலோ பைண்டர் (சிமெண்டும் அதோடு சேரும் நுண்தூளும்), அதில் 45 கிலோ மைக்ரோ சிலிகா (சிமெண்டைவிட மிக நுண்ணிய சிலிகாத் தூள்), நீர்–பைண்டர் விகிதம் 0.32, பிசிஇ (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகை அட்மிக்சர், அதாவது கலவையை இளக்கும் மருந்து. கலந்து கொட்டும்போது பட்டாணி அளவில் சாம்பல் நிறக் கட்டிகள் தெரிகின்றன. அட்மிக்சரைக் கூட்டினால் கலவை நன்றாக ஓடுகிறது, கட்டி மட்டும் போகவில்லை. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தும் பலனில்லை. துகள்களைப் பிடித்து வைத்திருப்பது எது, அதை எப்படி விடுவிப்பது?

கட்டியை உடைப்பது தண்ணீரோ மருந்தோ இல்லை; கலவைக்குள் ஒன்றை ஒன்று உரசி இழுக்கும் அறுவிசைதான். கலவை எவ்வளவு இளகுகிறதோ அந்த அளவுக்கு அந்த விசை கட்டிக்குப் போய்ச் சேர்வது குறையும். நீங்கள் செய்த இரண்டு வைத்தியமுமே கலவையை இளக்குபவை. கட்டி உடைய வேண்டிய கட்டத்தில் கலவை கெட்டியாக இருக்க வேண்டும். உடைந்தது மறுபடி ஒட்டாமல் தடுக்கத்தான் அட்மிக்சர்.

அதற்கு முன் எந்தக் கட்டி என்று பார்த்துவிடுங்கள். 'கட்டி' என்று தளத்தில் சொல்வது ஒரே பொருள் இல்லை. ஒன்றை எடுத்துக் கழுவி, கரண்டி விளிம்பால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே உலர்ந்த தூள் இருந்தால் அது நனையாத கட்டி: வெளித்தோல் மட்டும் நனைந்து மூடிக்கொண்டது, கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் ஆகிறதே, அதே கதை. உள்ளும் புறமும் ஒரே மாதிரி கடினமாக, நகத்துக்கு அசையாமல் இருந்தால் அது ஏற்கெனவே ஈரம் பட்டு இறுகிய சிமெண்ட்; மூட்டையிலோ சைலோவிலோ உருவானது. எந்த மிக்சரும் அதை முழுதாக மீட்டுத் தராது. கறுஞ்சாம்பல் நிறத்தில், கைவிரலில் தேய்த்தால் மைபோலப் படிந்து, நடுவில் சிறு குருணை நெருடினால் அது மைக்ரோ சிலிகா. உங்கள் விவரிப்புக்கு இதுவே பொருந்துகிறது. இது தவிர, கண்ணுக்கே தெரியாத இன்னொரு வகை உண்டு: தண்ணீருக்குள் சிமெண்ட் துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, நடுவே தண்ணீரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் கொத்து. அட்மிக்சர் உண்மையில் குணப்படுத்துவது இதை மட்டும்தான்.

இனி விசைக்கு வருவோம். 10 மைக்ரான் விட்டமுள்ள இரண்டு சிமெண்ட் துகள்கள் தண்ணீரில் 1 நானோமீட்டர் இடைவெளியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வான்டர்வால்ஸ் ஈர்ப்பை, அதாவது நெருங்கிய துகள்களுக்கிடையே இயல்பாக எழும் ஈர்ப்பைக் கணக்கிட, ஆரத்தை ஹமாக்கர் மாறிலியால் (பொருளுக்குப் பொருள் மாறும் ஈர்ப்பின் அளவு) பெருக்கி, இடைவெளியின் வர்க்கத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். சிமெண்டுக்கு அந்த மாறிலி ஒரு ஜூலில் கோடி கோடி கோடியில் 16 பங்கு என்ற வரிசையில் வரும். கிடைக்கும் விசை சுமார் 7 நானோநியூட்டன். தண்ணீருக்குள் அதே துகளின் எடை 0.011 நானோநியூட்டன். அதாவது ஒட்டும் விசை எடையைப்போல 600 மடங்கு. 0.15 மைக்ரான் மைக்ரோ சிலிகாத் துகளுக்கு இதே கணக்கைப் போட்டால் விகிதம் பத்து லட்சத்தைத் தாண்டும். எடை ஆரத்தின் கனமாகக் குறைகிறது, ஈர்ப்பு ஆரத்தின் நேர்விகிதத்தில்தான் குறைகிறது. அதனால் துகள் சிறுக்கச் சிறுக்கப் பிசின்தன்மை கூடும். மணலும் ஜல்லியும் ஒட்டாமல் உருள்வதும், நுண்தூள் மட்டும் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ஈர்ப்பு இவ்வளவு இருந்தும் களிமண்ணைச் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் மணிக்கணக்கில் மிதக்கிறதே என்று கேட்கலாம். அங்கே துகள்களின் மேற்பரப்பு மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுகிறது. இந்த இழுபறியை டெர்யாகினும் லாண்டாவும் 1941இலும், வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948இலும் தனித்தனியாக விளக்கினார்கள். நால்வர் பெயரின் முதலெழுத்துகளால் டிஎல்விஓ கோட்பாடு என்கிறோம். அந்தத் தள்ளுவிசை எவ்வளவு தூரம் எட்டும் என்பது தண்ணீரில் கரைந்த அயனிகளைப் பொறுத்தது. அயனி குறைந்த தண்ணீரில் பல நானோமீட்டர் எட்டும். சிமெண்டில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் பொட்டாசியம், சோடியம், கால்சியம், சல்பேட், ஹைட்ராக்சைடு எல்லாம் கரைந்து, பி.ஹெச். 12.5க்கு மேல் போய், அயனிச் செறிவு லிட்டருக்கு 0.1 முதல் 0.2 மோல் ஆகிவிடும். அப்போது தள்ளுவிசையின் எட்டம் 1 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கும். தடுப்புச் சுவர் போய்விட்டது. ஈர்ப்பு மட்டும் மிச்சம்.

போதாக்குறைக்கு எல்லாத் துகளும் ஒரே மின்னூட்டத்தில் இருப்பதும் இல்லை. சிலிகேட் பகுதிகள் பெரும்பாலும் எதிர்மின், அலுமினேட்டிலிருந்து உருவாகும் எட்ரிஞ்சைட் என்ற படிகம் நேர்மின். எதிரும் நேரும் தாமே தேடிப் போய் ஒட்டும். அத்துடன் கால்சியம் அயனி இரண்டு எதிர்மின் பரப்புகளுக்கு நடுவில் புகுந்து இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். பிரான்சின் டிஜோனில் அணுவிசை நுண்ணோக்கியால் சி-எஸ்-ஹெச் (சிமெண்டும் நீரும் வினைபுரிந்து உருவாகும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்) பரப்புகளுக்கு இடையே அளந்து காட்டிய இந்த ஈர்ப்புதான் பிற்பாடு இறுகிய சிமெண்டின் பிடிமானத்துக்கும் அடிப்படை. மைக்ரோ சிலிகாவைத் தனியே தண்ணீரில் கரைத்தால் ஓரளவு நிலையாக நிற்கிறது, சிமெண்ட் சேர்ந்ததும் திரிந்துபோகிறது என்பதற்கும் கால்சியம்தான் காரணம்.

அடுத்தது, தளத்தில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது: ஈரமான தூள். இரண்டு 10 மைக்ரான் துகள்களுக்கு நடுவே ஒரு துளி நீர்ப்பாலம் இருந்தால், பரப்பு இழுவிசையால் வரும் பிடிப்பு சுமார் 2,200 நானோநியூட்டன். முழுக்க நீரில் மூழ்கிய நிலையின் 7 நானோநியூட்டனோடு ஒப்பிட்டால் முந்நூறு மடங்குக்கு மேல். முழு உலர்வும் ஆபத்தில்லை, முழு நனைவும் ஆபத்தில்லை. நடுவில் இருக்கும் ஈரப்பதமே ஆபத்து. ஈரமான எம்-சாண்ட் மீது மைக்ரோ சிலிகாவைக் கொட்டி உலர்கலப்பு செய்கிறோம் என்பவர்கள் உருண்டை பிடித்துத் தருகிறார்கள் என்றுதான் பொருள்.

இந்த விசைகளைக் கட்டியின் உறுதியாக மாற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒட்டுவிசையைத் துகள் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கட்டியைப் பிய்க்கத் தேவையான அழுத்தம் தோராயமாக வரும். சிமெண்ட் கொத்துக்குச் சுமார் 70 பாஸ்கல். மைக்ரோ சிலிகாக் கொத்துக்கு ஆயிரம் பாஸ்கலுக்கு மேல். ஈரப்பாலத்தால் பிடித்த சிமெண்ட் கட்டிக்கு 20,000 பாஸ்கலுக்கு மேல். துகள்கள் மேடுபள்ளமானவை என்பதால் உண்மை மதிப்புகள் மாறும். எத்தனை பத்து மடங்கு என்ற வரிசை அளவுக்கு மட்டும் இவற்றை நம்புங்கள். இப்போது மறுபக்கம்: பிசுக்குமை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) 1 பாஸ்கல்-நொடி உள்ள கெட்டிப் பேஸ்டை நொடிக்கு 100 என்ற அறுவேகத்தில் (அடுக்குகள் ஒன்றை ஒன்று உரசி நகரும் வேகம்) கலக்கினால் கிடைப்பது 100 பாஸ்கல். சிமெண்ட் கொத்து உடையும், சிலிகா உடையாது, ஈரக்கட்டி அசையவே அசையாது. அட்மிக்சர் தாராளமாக ஊற்றிப் பிசுக்குமையைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டால் கிடைப்பது 10 பாஸ்கல். கட்டி தேர் மாதிரி உருண்டு போகும். உங்கள் கலவையில் நடந்தது இதுவே.

அப்படியானால் கான்கிரீட்டில் சிலிகா எப்படித்தான் உடைகிறது? ஜல்லி அரைக்கிறது. இரண்டு ஜல்லிக்கு நடுவில் அகப்படும் மெல்லிய பேஸ்டில் அறுவேகம் மிக்சரின் சராசரியைவிடப் பல மடங்கு போகும். கல்லோடு கல் மோதும் இடத்தில் நேரடி நசுக்கலும் உண்டு. அதே சிலிகாவை ஜல்லி இல்லாத பேஸ்டிலோ மெல்லிய சாந்திலோ போட்டு, கையில் பிடிக்கும் டிரில் துடுப்பால் கலக்கினால் கட்டி மிஞ்சுவதும் இதனால்தான். மூட்டையில் வரும் மைக்ரோ சிலிகா பெரும்பாலும் அடர்த்தியூட்டப்பட்டது. போக்குவரத்து வசதிக்காகக் காற்றால் உருட்டி, கனமீட்டருக்கு 480 முதல் 720 கிலோ வரை ஏற்றப்பட்டது. விளம்பரத்தில் 0.15 மைக்ரான் என்றிருந்தாலும் மூட்டையில் இருப்பது அதைவிட நூறு, ஆயிரம் மடங்கு பெரிய உருண்டைகள். அதில் ஒரு பகுதி உலையிலேயே ஒன்றோடொன்று உருகி இணைந்தது. அதை எந்த அட்மிக்சரும் பிரிக்காது. உடையாத உருண்டை சிறந்த நிரப்பியாகவும் ஆகாது, சிறந்த போஸோலானாவாகவும் (சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகும் பொருள்) ஆகாது. பெரிய உருண்டைகள் மிஞ்சினால், காரத்தோடு வினைபுரிந்து வீங்கும் கல்லைப் போலவே நடந்துகொள்ள வாய்ப்புண்டு. காசு கொடுத்து வாங்கியதில் பாதி வீண்.

செய்முறைக்கு வருகிறேன். உங்கள் அளவுக்கு மொத்த நீர் 144 லிட்டர். எம்-சாண்ட் 700 கிலோ என்றும், அதில் மேற்பரப்பு ஈரம் 3 சதவீதம் என்றும் வைத்தால் 21 லிட்டர் அதிலேயே வந்துவிடுகிறது. முதலில் மிக்சரில் 108 லிட்டர், அதாவது முக்கால் பங்கு நீரும், முழு ஜல்லியும் போடுங்கள். மிக்சர் சுற்றும்போதே மைக்ரோ சிலிகாவை மெதுவாகத் தூவி ஒன்றரை நிமிடம் ஓட்டுங்கள். மூட்டையோடு எறிந்து 'காகிதம் கரைந்துவிடும்' என்று விடாதீர்கள், கரையாது. பிறகு சிமெண்ட். அதையும் ஒரே கொட்டாகக் கொட்டாமல் இறக்கி, அட்மிக்சரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விட்டு, இன்னும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். இந்தக் கட்டத்தில் நீர்–பைண்டர் விகிதம் 0.24, கலவை முரண்டு பிடிக்கும், பார்க்கவே பயமாக இருக்கும், ஆபரேட்டர் தண்ணீர்க் குழாயைத் தேடுவார். விடாதீர்கள். கட்டி உடைகிற இடம் அதுவேதான். அடுத்து மணல். மணலின் 21 லிட்டர் உள்ளே போனதும் கையில் நிற்பது 15 லிட்டர் மட்டும். அட்மிக்சரில் உள்ள நீரையும் அதிலிருந்து கழித்து, மீதி அட்மிக்சரோடு சேர்த்து ஓரம் கழுவுவதுபோல் ஊற்றுங்கள். ஆய்வகத்தில் டிரையல் போடுவதென்றால் இதன் பிறகு 5 நிமிடம் கலந்து, 3 நிமிடம் நிறுத்தி, மறுபடி 5 நிமிடம் கலக்குங்கள். டிரையலில் மூன்று நிமிடம் கலந்துவிட்டு வலிமை வரவில்லை என்பது மைக்ரோ சிலிகாவின் குற்றம் இல்லை.

மிக்சர் மோட்டாரின் ஆம்ப்மீட்டர் நல்ல சாட்சி. நீர் சேர்ந்ததும் மின்னோட்டம் ஏறும், தூள் குருணையாகி ஒன்றுசேரும் தருணத்தில் உச்சம் தொடும், பிறகு இறங்கி ஒரு மட்டத்தில் நிலைக்கும். நிலைத்தால் உடைய வேண்டியது உடைந்துவிட்டது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே கொட்டினால் பாதி வேலையில் கொட்டுகிறீர்கள். நீர் விகிதம் 0.2ஐ ஒட்டிய அதிவலிமைக் கலவைகளில் இந்த உச்சம் வர ஐந்து நிமிடம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் இந்த முள்ளை நம்புவது மேல்.

இனி அட்மிக்சர் எங்கே உதவுகிறது என்பது. பிசிஇ மூலக்கூறின் முதுகெலும்பு துகளில் ஒட்டும், பக்கச் சங்கிலிகள் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும். இரண்டு துகளும் சில நானோமீட்டருக்குள் நெருங்க முடியாது. இடைவெளி 1லிருந்து 5 நானோமீட்டர் ஆனால் ஈர்ப்பு 25ல் ஒன்றாகக் குறைகிறது. 7 நானோநியூட்டன் 0.3க்குக் கீழே. சிறைப்பட்ட தண்ணீர் விடுபடுகிறது. பழைய நாஃப்தலீன் வகை பெரும்பாலும் மின்னூட்டத்தால் தள்ளுவது. அயனிச் செறிவு கூடிய சிமெண்ட் நீரில் அதன் எட்டம் குறைவு என்பதால் அதே வேலைக்கு அதிக அளவு கேட்கிறது. நாஃப்தலீனை நீர் பட்ட ஓரிரு நிமிடம் கழித்து ஊற்றினால் கூடுதல் பலன் தரும். முதலிலேயே ஊற்றினால் அலுமினேட் வினைப்பொருள்கள் அதை விழுங்கிவிடும். பிசிஇயில் இந்த வித்தியாசம் குறைவு.

அளவைத் தீர்மானிப்பது எடை இல்லை, பரப்பு. சிமெண்டின் பரப்பை வாயு ஒட்டு முறையில் அளந்தால் கிலோவுக்குச் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். மைக்ரோ சிலிகாவுக்குச் சுமார் 18,000. உங்கள் 405 கிலோ சிமெண்டின் பரப்பு நாலு லட்சம் சதுர மீட்டர், 45 கிலோ சிலிகாவின் பரப்பு எட்டு லட்சம். எடையில் பத்தில் ஒன்று, பரப்பில் மூன்றில் இரண்டு. சிலிகா சேர்த்தும் பழைய டோஸேஜிலேயே நிற்பவர் ஏமாறுவார். சரியான அளவுக்கு மார்ஷ் கோன் (கீழே சிறு மூக்குள்ள புனல்) வைத்துப் பாருங்கள்: அதே சிமெண்ட், அதே சிலிகா, 0.35 விகிதத்தில் பேஸ்ட், அட்மிக்சரை 0.2 சதவீதமாக ஏற்றிக்கொண்டே 5ஆம் நிமிடமும் 60ஆம் நிமிடமும் வடியும் நேரம் குறியுங்கள். கூட்டியும் நேரம் குறையாத இடம் நிறைவு அளவு. அதைத் தாண்டினால் ஜல்லி கீழே போய், மேலே பால் மிதக்கும். பேஸ்டைச் சல்லடையில் வடித்துவிட்டு அளப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு கட்டி மூக்கில் அடைத்து நீங்கள் வேறு முடிவுக்கு வருவீர்கள்.

உடைந்த கொத்து சும்மாவும் இருக்காது. கலப்பதை நிறுத்திய சில நொடிகளிலேயே துகள்கள் மறுபடி வலை பின்னும், பிறகு தொடுபுள்ளிகளில் சி-எஸ்-ஹெச் முளைத்து அந்த வலையை உறுதியாக்கும். லாரி தளத்தில் அரைமணி நின்று ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு) விழுந்தது என்றால் எதையும் ஊற்றும் முன் டிரம்மை வேகச் சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் சுற்றவிடுங்கள். பாதி திரும்பி வந்தால் அது வலை மட்டுமே; அல்லது அரைவையின்போது சூட்டில் ஜிப்சம் நீரிழந்த சிமெண்டின் போலி இறுகல். இரண்டுக்கும் கலப்பே மருந்து, தண்ணீர் வேண்டாம்.

லாரி டிரம்மிலேயே முழுக்கக் கலக்கும் இடங்களில் வேறு ஒரு வியாதி: கிரிக்கெட் பந்து அளவுச் சிமெண்ட் உருண்டை. சிமெண்டை முதலில் அல்லது மிக வேகமாக ஏற்றியது, நீரை எல்லாம் முன்கூட்டியே விட்டது, டிரம்மை அளவுக்கு மீறி நிரப்பியது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். டிரம் கொள்ளளவில் 63 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, கலக்கும் வேகத்தில் 70 முதல் 100 சுற்று. ஸ்லம்ப் 200 மி.மீ.யைத் தாண்டிய பிறகு உருண்டையை உடைக்க முயல்வது வீண் வேலை. குறைந்த ஸ்லம்ப்பில் சுற்றி முடித்துவிட்டு இளக்குங்கள்.

கிரௌட்டில் (இடுக்குகளில் செலுத்தும் சிமெண்ட் குழம்பு) ஜல்லியும் கிடையாது, மணலும் கிடையாது. அங்கே அரைக்கிற வேலையை வேகம்தான் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் ஓடும் கொல்லாய்டல் மிக்சர் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. தண்ணீர் முதலில், பிறகு சிமெண்ட், பம்ப்புக்கு முன் சல்லடை. எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்டுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) ஆய்வக முறையில் 4,000 சுற்றில் 15 நொடிக்குள் தூளைப் போட்டு, 12,000 சுற்றில் 35 நொடி அடிப்பார்கள். நேரத்தை நீட்டினால் சூடேறி இறுகல் முந்தும்; அதனால்தான் 35 நொடியோடு நிறுத்தம்.

மூட்டைக் கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுக்கின் கனத்தில் அமுங்கிய மூட்டையைத் தரையில் இரண்டு முறை உருட்டினால் தளரும், கட்டி விரலில் நசுங்கும், அதைப் பயன்படுத்தலாம். நசுங்காவிட்டால் ஈரம் குடித்தது. சலித்துச் சில்லறை வேலைக்குப் போடலாம், தூணுக்கு வேண்டாம். பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் போதும். மூன்று மாதம் தாண்டினால் சோதித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் அட்மிக்சர் வேலை செய்யவில்லை என்றால் மணலைச் சந்தேகப்படுங்கள். மான்ட்மொரில்லனைட் போன்ற வீங்கும் களிமண்ணின் அடுக்குகளுக்குள் பிசிஇயின் பக்கச் சங்கிலிகள் நழுவிப் புகுந்துவிடும், சிமெண்டுக்கு மிஞ்சாது. கல்தூள் அதிகம் என்பதே குற்றமில்லை, அந்தத் தூளில் களிமண் இருக்கிறதா என்பதே கேள்வி. ஜாடியில் கரைத்துப் படியவிடும் வண்டல் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. மெத்திலீன் புளூ சோதனை காட்டும்: நீலச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வடிதாளில் சொட்டு வைக்கும்போது, சொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் சீக்கிரமே வந்தால் மணல் சுத்தம். சாயத்தை மணல் குடித்துக்கொண்டே போனால் அட்மிக்சரையும் அப்படியேதான் குடிக்கும். அந்த லோடைக் கழுவிப் பயன்படுத்துங்கள், அல்லது களிமண்ணுக்கு அவ்வளவாக அசையாத நாஃப்தலீன் வகைக்கு மாறி, டிரையலை முதலிலிருந்து போடுங்கள்.